அப்பாவின் ஹெர்குலிஸை ஓவராயில் பண்ணிய கடை

பழைய சைக்கிளை மறுபடி ஓட்ட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கடைக்குத் தைரியமாகப் போகலாம். கூடத்தில் அழகுக்கு நிறுத்தி வைக்க நினைக்கிறவர்களுக்குச் சரிப்படாது. பளபளவென்று ஆக்கித் தரச் சொன்னால் கடைக்காரப் பாய் வண்டியைத் திருப்பி எடுத்துப்போகச் சொல்லிவிடுவார். என் கண் முன்னாலேயே ஒருத்தரை அப்படி அனுப்பினார்.

கடை தொண்டியார்பேட்டையில். மணிக்கூண்டிலிருந்து கடற்கரைப் பக்கம் பத்து நிமிட நடை. பெயர்ப் பலகை கிடையாது. இரண்டு மூன்று மீன்பாடி வண்டிகள் எப்போதும் சக்கரம் கழற்றிச் சாய்த்துக் கிடக்கும், அதுதான் அடையாளம். காசிமேட்டில் மீன் ஏற்றுகிற வண்டியும் தெருத்தெருவாகத் தண்ணீர் கேன் போடுகிற வண்டியும்தான் அவருக்குப் பிழைப்பு. பாய்க்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சின்ன வயதில் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குச் சைக்கிள் விடுகிற கடையில் பஞ்சர் ஒட்டப் போனவர், அப்படியே தொழில் கற்றுக்கொண்டார். கூட ஒரு பையன், பேரன் முறை.

நான் கொண்டுபோனது ஒரு கறுப்பு ஹெர்குலிஸ். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்தது. கம்பெனி தொடங்கியது 1949-இல். அப்பா வண்டி வாங்கியது 1957-இல். கம்பி பிரேக், இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், முழு செயின் கவர். விலையை ஒரே தடவையில் கொடுக்கிற நிலை அப்பாவுக்கு இல்லை. சம்பளத்தில் மாதம் எட்டு ரூபாய் பிடித்தம், இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் வீட்டில் எண்ணெய் வாங்குகிற அளவு குறைந்தது என்று அம்மா கடைசிவரை சொல்வார்.

அப்பா மெதடிஸ்ட் உபதேசியார். ஜான் வெஸ்லி இங்கிலாந்தில் தொடங்கிய புராட்டஸ்டன்ட் சபை அது. உபதேசியார் என்றால் குருப்பட்டம் இல்லாமல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் பண்ணுகிறவர். 1943-இல் வெஸ்லியன் மிஷனில் சேர்ந்தார். 1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது வெஸ்லியன் சபைகளும் அதில் சேர்ந்துவிட்டன. பிரசங்கிமார் சுற்றி வருகிற ஊர்களின் தொகுதிக்கு, அதற்குப் பிறகு அலுவலகக் காகிதங்களில் குருசேகரம் என்றுதான் பெயர் வந்தது. அப்பா மட்டும் சாகிறவரைக்கும் சர்க்யூட் என்றே சொன்னார். "சர்க்யூட்டுக்குப் போறேன்" என்று கிளம்பினால் வீட்டுக்கு எப்போது திரும்புவார் என்று யாரும் கேட்க மாட்டோம்.

திருவள்ளூருக்கு மேற்கே, கொசஸ்தலை ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பதினான்கு ஊர்கள் அவருக்கு. சில ஊரில் ஓட்டுக் கூரைக் கோயில், சில ஊரில் வேப்பமரத்தடி, இரண்டு ஊரில் யாராவது வீட்டுத் திண்ணை. எல்லாம் சேரிகள்தான். ஊர்த் தெரு வழியாகச் சைக்கிளில் உட்கார்ந்து போகக்கூடாது என்று நிறுத்திய இடங்கள் உண்டு. அங்கெல்லாம் அப்பா தெருவுக்குள் நுழையாமல் வரப்பு மேலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு சுற்றிப் போவார். எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. அப்பா அதைப் பற்றிப் பேசவே மாட்டார். எந்த ஊர் என்று கேட்டால்கூடச் சொல்ல மாட்டார்.

1981-இல் ஓய்வு பெற்று எங்களோடு தொண்டியார்பேட்டைக்கு வந்தார். 1996-இல் இறந்துபோனார். வண்டி மாடிப்படிக்குக் கீழே நின்றது. 2015 வெள்ளத்தில் சக்கரம் முழுகியது. 2023 டிசம்பர் புயலில் சீட்டுவரைக்கும் தண்ணீர். வடிந்த பிறகு பார்த்தேன், செயின் ஒரே கட்டியாக இறுகிப்போயிருந்தது. பெடலை மிதித்தால் அசையவில்லை. அன்றைக்குத்தான் இதை இப்படியே விட்டால் பேரீச்சம்பழத்துக்குப் போடுகிற இரும்பாகிவிடும் என்று பயம் வந்தது.

முதலில் தம்பி சொன்னான் என்று நகரத்துக்குள் ஒரு பெரிய கடைக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ஏ.சி. போட்ட கடை. வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தார்கள். எல்லாவற்றையும் கழற்றிப் புது பெயின்ட் அடித்து, ஹேண்டில்பாரைப் புதிதாகப் போட்டு, பின்னால் கேரியரில் இருக்கிற 'அசிங்கமான' இரும்பு வளையத்தை வெட்டி எடுத்துவிட்டால் பதினெட்டாயிரம் ரூபாயில் பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள் என்றார்கள். விற்பதாக இருந்தால் காபி கடைக்காரர் ஒருவர் சுவரில் மாட்டுவதற்குக் கேட்கிறார் என்றும் சொன்னார்கள். வந்த ஆட்டோவை அனுப்பாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

பாய் கடையைக் காட்டியது தண்ணீர் கேன் போடுகிற பையன்.

பாய் படம் எதுவும் பிடிக்கவில்லை. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் தள்ளிப் பார்த்தார். காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "இன்னா டீச்சர், எத்தினி வருசமா சொம்மா கெடக்குது?" என்றார்.

"அப்பா போய் இருபத்தெட்டு வருஷம் ஆகுது பாய்."

"ஓட்டறதுக்கா, மாட்டறதுக்கா?"

"ஓட்டறதுக்கு."

"அப்ப உட்டுட்டுப் போங்க."

ஓவராயில் என்றால் என்ன செய்வார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான்கு தடவை போய் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு சாமானாகக் கழற்றி, டீசல் ஊற்றிய தகரத்தட்டில் ஊறப்போடுகிறார். முன் சக்கரத்துக் குண்டுகள் ஒரு டப்பாவில், பின் சக்கரத்துக் குண்டுகள் வேறொரு டப்பாவில். பால்ரஸ் என்பதை அவர் குண்டு என்றுதான் சொல்கிறார். ஒவ்வொரு குண்டையும் விரலால் உருட்டிப் பார்த்து, சொட்டை விழுந்ததை மட்டும் ஒதுக்குகிறார். முன் சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பி, பின் சக்கரத்தில் 40. அதில் துரு தின்றது பதினொன்றுதான். அந்தப் பதினொன்றை மட்டும் மாற்றினார். மொத்தமாக மாற்றினால் அவருக்கு வேலை சுலபம், எனக்குச் செலவு அதிகம். பழைய கம்பியும் புதுக் கம்பியும் ஒரே இழுப்பில் நிற்க வேண்டுமே என்று ரிம்மைச் சுற்றிவிட்டுச் சுற்றிவிட்டுக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கே ஒரு மதியம் முழுசாகப் போனது. பெடல் கிராங்கை அச்சோடு இறுக்குகிற காட்டர் பின் இறுகிப்போய் வரவே மாட்டேன் என்றது. சுத்தியலால் ஓங்கி அடித்தால் கிராங்க் வளைந்துவிடும் என்று, எண்ணெய் விட்டு மூன்று நாள் காத்திருந்தார். நான் பார்த்து அவர் சுத்தியலைத் தொட்டதே இரண்டு தடவைதான்.

ஒரு நாள் காலை போன் வந்தது. "டீச்சர், வந்து ஒரு தபா பாத்துட்டுப் போங்க."

நான் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து ஓடினேன். பெடல் அச்சு ஓடுகிற குழாயைத் திறந்திருந்தார். உள்ளே இருந்த பழைய கிரீஸ் தார் மாதிரி ஆகியிருந்தது. அதை வழித்து டீசலில் அலசி, அடியில் தங்கியதை ஒரு பேப்பரில் காயவைத்திருந்தார். ஒரு தேக்கரண்டி இருக்கும். மணல்.

"இது நம்ம பக்கத்து மண்ணு இல்ல. கடல் மணலும் இல்ல. ஆத்து மணல். உங்கப்பாரு வண்டிய தண்ணியில எறக்கிகினு போயிருக்காரு."

கொசஸ்தலை என்று சொன்னேன். பூண்டி நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் தருகிற அந்த ஆறு வருடத்தில் பாதி நாள் வெறும் மணல்தான். ஐப்பசி கார்த்திகையில்தான் தண்ணீர் வரும். வந்தால் ஒரே இரவில் வரும். அந்தப் பக்கம் ஐந்து ஊர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, பாலம் சுற்றிக்கொண்டு போனால் பல மைல். அப்பா வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, பையைத் தலையில் வைத்து, வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவார். முழங்கால் தண்ணீர் என்றால் தள்ளிக்கொண்டே போய்விடுவார். இதை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த ஆறு இத்தனை வருடமாக எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, ஒரு குழாய்க்குள் இருந்தது எனக்குத் தெரியாது. அதே ஆறுதான் எண்ணூரில் கடலில் சேருகிறது. எங்கள் வீட்டிலிருந்து எண்ணூர் ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர்.

"இத்த இன்னா பண்றது? கொட்டிடவா?"

"மடிச்சுக் குடுங்க பாய்."

கேள்வி கேட்காமல் மடித்துக் கொடுத்தார்.

அன்றைக்கு அவர் இன்னொன்றும் காட்டினார். இடது பெடல் கட்டை பாதியாகத் தேய்ந்திருந்தது. வலது கட்டை கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. "பாத்தீங்களா? எடது கால வெச்சு நாலு எட்டு தள்ளிகினு, அப்பால காலத் தூக்கிப் போட்டு ஏறுவாங்க. நீட்டா தூரமா ஓட்றவனுக்கு ரெண்டும் ஒண்ணாதான் தேயும். இது எறங்கி எறங்கி ஏறுன வண்டி. போஸ்ட்மேன் வண்டிதான் இப்பிடி இருக்கும். உங்கப்பாரு போஸ்ட்மேனா?"

இல்லை பாய், உபதேசியார் என்றேன். உபதேசியார் என்றால் என்ன வேலை என்று கேட்டார். எங்கள் ஜமாத்தில் ஊர் ஊராகப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த மாதிரியா என்றார். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொன்னேன். யாரிடமும் இவ்வளவு சொன்னதில்லை.

அப்பாவின் வேலை பிரசங்கம் மட்டும் இல்லை. வீடு வீடாக இறங்குவதுதான் வேலை. ஜான் வெஸ்லி 1742-இல் பிரிஸ்டலில் ஆரம்பித்த ஏற்பாடு அது. கோயில் கட்டிய கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிப்பது என்று, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பு என்று பிரித்தார்கள். காசு வசூலிக்கப் போனவர், 'நல்லா இருக்கியா, வீட்டில் சண்டையா, குடிக்கிறாயா, ஜெபிக்கிறாயா' என்று கேட்கப் போகிறவராக மாறினார். வசூலுக்குப் பிறந்த ஏற்பாடு மெதடிஸ்ட் சபையின் முதுகெலும்பாகவே ஆகிவிட்டது. அந்தப் பொறுப்பாளருக்குக் கிளாஸ் லீடர் என்று பெயர், அப்பாவின் பதினான்கு ஊரிலும் ஒவ்வொருவர் உண்டு. பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி. அவர் சொல்லும் வீட்டுக்கெல்லாம் அப்பா இறங்குவார். ஒரு தெருவில் இருபது வீடு என்றால் இருபது தடவை இறங்குவார், இருபது தடவை ஏறுவார். இடது பெடல் தேயாமல் என்ன செய்யும்.

காணிக்கை அநேகமாகக் கைப்பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டுவைப்பார்கள். அதை ஏலம் விட்ட காசுதான் சபைக் கணக்கில் வரும்.

வீட்டுச் சுவரில் பிளான் ஒட்டியிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தாள். இடப் பக்கம் ஊர்ப் பெயர்கள் கீழ்நோக்கி, மேலே ஞாயிறுகளின் தேதிகள், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண். பிரசங்கிமார் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், அப்பாவுக்கு 3. எந்த ஞாயிறு எந்த ஊரில் 3 இருக்கிறது என்று பார்த்துத்தான் நான் எண்களைப் படிக்கவே கற்றுக்கொண்டேன். எங்கள் ஊர்க் கட்டத்தில் 3 வருகிற ஞாயிறு மூன்று மாதத்தில் ஒன்றோ இரண்டோ. மற்ற நாளெல்லாம் அப்பா வேறு யாருக்கோ அப்பா மாதிரி இருந்தார்.

இந்தச் சுற்றுப் பிரசங்கி வாழ்க்கை எப்படி வந்தது என்று அப்பா அடிக்கடி சொல்வார். வெஸ்லி 1739-இல் பிரிஸ்டல் பக்கம் வெட்டவெளியில் பிரசங்கம் பண்ண ஆரம்பித்து, குதிரை மேல் மட்டும் இரண்டரை லட்சம் மைல் போனதாகக் கணக்குச் சொல்வார்கள். கடிவாளத்தைத் தளர்த்திவிட்டுக் குதிரை மேலேயே புத்தகம் படித்துக்கொண்டு போவாராம். பிரான்சிஸ் ஆஸ்பரி என்கிற மெதடிஸ்ட் பிரசங்கி, 1771-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போனவர் 1816-இல் சாகிறவரைக்கும் சொந்த வீடு என்று ஒன்று வைத்துக்கொள்ளவில்லை. அங்கே காட்டுக்குள் ஒரு சுற்று முடிக்க நான்கு வாரம், ஆறு வாரம். 1800-இல் ஒரு பிரசங்கிக்கு வருடச் சம்பளம் எண்பது டாலர். அதுவும் முழுசாகக் கைக்கு வருகிறவர் குறைவு. நனைந்து, காய்ச்சல் கண்டு, முப்பது வயதுகூட நிரம்பாமல் செத்துப்போனவர்கள் நிறைய. 'இந்த மழையில் வெளியே கிடக்கிறது காக்கையும் மெதடிஸ்ட் பிரசங்கியும்தான்' என்பது அந்த நாட்டுச் சொலவடை. அப்பா மழையில் சொட்டச் சொட்ட வந்து நின்று, "காக்கா வந்துட்டேன்" என்றுதான் கதவைத் தட்டுவார்.

அப்பாவுக்குக் குருப்பட்டம் கிடையாது. திருவிருந்து கொடுக்க ஐயர், அதாவது குருப்பட்டம் பெற்ற போதகர்தான் வர வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. 1784 கிறிஸ்துமஸ் சமயத்தில் பால்டிமோரில் மாநாடு கூடுகிறவரைக்கும் அமெரிக்காவில் ஊர் சுற்றிய மெதடிஸ்ட் பிரசங்கிமாருக்கும் பொதுவாகக் குருப்பட்டம் இல்லை என்று அவர் சொல்லும்போது குரலில் ஒரு தெம்பு இருக்கும். அது அவருக்கு வலித்த இடம் என்று நான் பெரியவளான பிறகுதான் புரிந்தது.

மூன்று வருடத்துக்கு ஒரு மாறுதல். நான் பத்தாவது முடிப்பதற்குள் ஐந்து பள்ளிக்கூடம். சிநேகிதிகளின் பெயர்களை நான் நினைவில் வைத்துக்கொள்வதையே ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன். ஆஸ்பரி கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வருடத்தின் 52 வாரத்தில் ஒரே ஒரு வாரம் கணவனோடு இருக்கச் சம்மதிக்கிற பெண் எங்கே கிடைப்பாள், அப்படிக் கேட்பது நியாயமா என்கிற அர்த்தத்தில் அவர் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அப்பா இதை ஒரு தடவை சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே, "அவருக்கு அது தெரிஞ்சிருக்கு பாருங்க" என்றார். அதற்குப் பிறகு அப்பா இரண்டு நாள் எங்கும் கிளம்பவில்லை. எனக்கு அப்பாவைப் பிடிக்கும். அம்மா சொன்னது சரி.

கேரியரில் இருக்கிற இரும்பு வளையத்தைப் பாய் பால் கேனுக்கு என்று நினைத்திருந்தார். பெட்ரோமாக்ஸுக்கு. கூலி வேலைக்குப் போகிற சனங்களுக்குப் பகலில் ஆராதனை நடத்தினால் யார் வருவார்கள். இருட்டின பிறகு விளக்கோடு போக வேண்டும். கண்ணாடி உடையாமல் பெட்ரோமாக்ஸை எடுத்துப்போக ஊர்க் கொல்லரிடம் சொல்லி அடித்த வளையம் அது. உள்பக்கம் சாக்குத் துணி சுற்றியிருப்பார். அந்த விளக்கு வரப்பு மேல் ஆடி ஆடி வருவதைப் பார்த்துத்தான் உபதேசியார் வருகிறார் என்று பிள்ளைகள் ஓடி வருவார்களாம். இதைக் கேட்ட பிறகு பாய் அந்த வளையத்தில் அரம்கூடப் போடவில்லை. துருவை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் தடவினார். பெரிய கடைக்காரர்கள் வெட்டச் சொன்னது இதைத்தான்.

அப்பா எவ்வளவு இரவானாலும் வந்தவுடன் வண்டியைத் துடைத்துவிட்டுத்தான் கை கழுவுவார். செயினில் இரண்டு சொட்டு எண்ணெய், சீட்டில் ஈரத்துணி, அப்புறம் உலர்ந்த துணி. சாப்பாடு ஆறிப்போகும். அம்மா கூப்பிட்டால் வெஸ்லி தம்முடைய பிரசங்கிமாருக்கு வைத்த விதியைச் சொல்வார்: உன் மிருகத்துக்கு இரக்கம் காட்டு, அளவாக ஓட்டினால் மட்டும் போதாது, அதைத் தேய்த்துவிட்டு, தீனி வைத்து, படுக்கை போட்டதை உன் கண்ணாலேயே பார். வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்ப் படுக்கக்கூடாது. உன் கண்ணால் பார்.

பாய் இதைக் கேட்டுக்கொண்டே ரிம்மைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வாயில்லா ஜீவனப் பத்தி ஆண்டவன் கேள்வி கேப்பான்னு எங்க ஹஜ்ரத்தும் சொல்வாரு. வண்டிக்கு உசுரு இல்ல, ஆனா அதும் வாயில்லாததுதான்" என்றார். பையனைக் கூப்பிட்டு, சீட்டின் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் போடச் சொன்னார். அவன் போட்டதை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்துதான் உட்கார்ந்தார்.

சீட்டை மாற்றவில்லை. அப்பா உட்கார்ந்த குழி அப்படியே இருக்கிறது. ஹேண்டில்பாரில் பழைய லைசென்ஸ் வில்லை தொங்கிக்கொண்டிருந்தது, அதையும் கழற்றவில்லை. மாற்றியது செயின், பிரீவீல், டயர் டியூப் இரண்டும், பிரேக் கட்டைகள், இடது பெடல், பதினொரு கம்பிகள், குண்டுகளில் பாதி. கழற்றின பழைய சாமான் ஒவ்வொன்றையும் துணிப்பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். கேட்காமலே. பழைய இடது பெடல் என் மேசை மேல் இருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூன்று வாரம் என்றவர் பதினொரு வாரம் எடுத்தார். மீன்பாடி வண்டி வந்தால் நம் வேலை அப்படியே நிற்கும். அவனுக்கு அன்றாடச் சோறு அதில் இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது, ஆனால் நடுவில் இரண்டு வாரம் வண்டி நட்டும் போல்ட்டுமாகக் கோணிமேல் கிடந்ததைப் பார்த்து நான் தூங்கவில்லை. போன் எடுக்க மாட்டார். நேரில்தான் போக வேண்டும். ரசீது கிடையாது, பையன் ஒரு நோட்டில் எழுதிக் காட்டுகிறான். முன் மட்கார்டில் துரு ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்துப் பெயின்ட் அடித்ததில் அந்த ஒரு இடம் மட்டும் அதிகமாக மினுங்குகிறது. புதுப் பிரேக் கட்டை முதல் வாரம் கீச்சென்று கத்தியது. திருப்பிக் கொண்டுபோனதும் காசு வாங்காமல் சரிசெய்தார். டைனமோ சரியாகவில்லை. உள்ளே சுற்றின கம்பி வெந்துபோய்விட்டது, அதே சைஸில் பழையது கிடைத்தால் போடுகிறேன், சைனா லைட் மாட்டித் தர மாட்டேன் என்கிறார்.

கூலி 3,500, சாமான் 4,340. மொத்தம் 7,840 ரூபாய். மண்ணைக் கழுவிக் காயவைத்ததற்கு அவர் கணக்கு எழுதவில்லை.

வண்டி வந்த மறு ஞாயிறு, விடியற்காலை ஐந்தரைக்குத் தம்பியின் பேரன் அதை எண்ணூருக்கு ஓட்டினான். கன்டெய்னர் லாரிகள் கிளம்புவதற்குள் போய்விட வேண்டும் என்று அந்த நேரம். நான் பின்னால் ஆட்டோவில். திருவொற்றியூர் தாண்டும்வரை எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. செயின் ஒரு தடவைகூட நழுவவில்லை. இந்தக் கால கியர் சைக்கிள் ஓட்டின பையன், "கனமா இருக்கு ஆயா, ஆனா ஒரு தடவ ஓட ஆரம்பிச்சா நிக்க மாட்டேங்குது" என்றான். முகத்துவாரத்தில் இறங்கினோம். 2023 வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து நாசம் பண்ணின இடம் அது. கரையோரச் செடிகளில் அப்போது படிந்த கறுப்பை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார். பேரன் கேட்டான், கொள்ளுத்தாத்தா இந்த ஆற்றையா தாண்டினார் என்று. இதையேதான், மேலே, இதைவிட நல்ல தண்ணீரில் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவன் சாவியை மேசையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனான். கூப்பிட்டு ஒரு துணியைக் கையில் கொடுத்தேன். முதலில் வண்டி.

போகிறவர்களுக்கு: கடை காலை ஒன்பதுக்குத் திறக்கும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து இரண்டு மணிக்கு மேல். இன்ன தேதிக்குள் வேண்டும் என்று கல்யாணம், கண்காட்சி எதற்கும் கொடுக்காதீர்கள். நேரம் இருந்தால் கூடவே உட்காருங்கள். உங்கள் வீட்டு ஆள் எப்படி ஓட்டினார் என்று வண்டியைப் பார்த்தே சொல்வார். யாரிடமாவது அந்தக் காலத்து டைனமோ, கம்பி வேகாமல் நல்ல நிலையில் இருந்தால், விலை சொல்லிப் பாயிடமே கொடுத்துவிடுங்கள். உபதேசியார் வண்டிக்கு என்று சொன்னால் போதும், அவருக்குத் தெரியும்.